நர்கிஸ் பூக்காத நகரம்

மூன்று வருடத்துக்கு முன் ஓர் அக்டோபர் மாதம், கூரியரில் பத்து டாஃபடில் கிழங்குகள் வந்தன. அட்டைப்பெட்டியின் மேல் மஞ்சள் பூக்களின் படம். உள்ளே மரத்தூளுக்கு நடுவே, சாம்பார் வெங்காயத்தைவிடப் பெரிதாகவும் பெல்லாரியைவிடச் சிறிதாகவும் பழுப்புத் தோல் மூடிய பத்து உருண்டைகள். செகந்திராபாத்தில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தின் தோட்டக்காரர் மகபூப்நகர் பக்கத்துக்காரர். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். "இதேந்தம்மா, உல்லிகட்டயா?" வெங்காயம் இல்லை, பூ என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

டிசம்பரில் இலை வந்தது, நீலம் பாய்ந்த பச்சையில், பட்டை பட்டையாக. பொங்கலுக்குள் மொட்டு விடும் என்று தினமும் குனிந்து பார்த்தேன். மார்ச்சில் இலை மஞ்சளித்துச் சாய்ந்தது, அவ்வளவுதான். ஆகஸ்டில் தொட்டியைக் கவிழ்த்தபோது ஆறு கிழங்குகள் கூழாகிப் போயிருந்தன. மீதி நான்கும் பூண்டுப் பல் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. இந்தியத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. விற்றவரைத் திட்டிவிட்டு யோசித்தபோது, வாங்கும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. இந்தக் கிழங்கு எந்தப் பருவத்தில் தூங்கும், எந்தப் பருவத்தில் விழிக்கும்?

கிழங்குப் பூக்களைத் தேர்ந்தெடுப்பதில் நிறம், உயரம், விலை எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரவேண்டும். கெட்ட பருவத்தை மண்ணுக்குள் தூங்கிக் கழிப்பதற்காகச் செடி கட்டிவைத்த சோற்றுமூட்டைதான் கிழங்கு. ஊருக்கு ஊர் கெட்ட பருவம் வேறு. டாஃபடில் இனங்களின் தாய்நிலம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த தீபகற்பமும் அதைச் சுற்றிய நாடுகளும். அங்கே இலையுதிர்காலத்தில் மழை விழும், வேர் ஓடும். குளிர் முழுக்க அடங்கிக் கிடந்து, வசந்தத்தில் பூக்கும். கோடையில் மழையே இருக்காது, காய்ந்த மண்ணில் கிழங்கு நிம்மதியாகத் தூங்கும். அடுத்த ஆண்டுக்கான மொட்டு அந்தத் தூக்கத்திலேயே கிழங்குக்குள் உருவாகிவிடுகிறது. ஆனால் மொட்டைச் சுமக்கும் தண்டு நீள வேண்டுமென்றால் 12 முதல் 16 வாரம், 9 டிகிரிக்குக் கீழே, இடைவிடாத குளிர் வேண்டும்.

ஹைதராபாத் 17 டிகிரி அட்சரேகையில், கடல்மட்டத்துக்கு 500 மீட்டருக்குச் சற்று மேலே, தக்காணப் பாறைமீது உட்கார்ந்திருக்கிறது. டிசம்பர் இரவுகள் 13, 14 டிகிரிக்கு இறங்கும். சில ஆண்டுகளில் பத்துக்கும் கீழே போய் எல்லோரையும் குல்லா போட வைக்கும். ஆனால் மறுநாள் மதியம் 28 ஆகிவிடும். கிழங்கின் கணக்கில் அது குளிரே இல்லை. அதனால் பூ வராதது முதல் தோல்வி. இரண்டாவது தோல்வியைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை வரும்போது டாஃபடில் தூக்கத்தில் இருக்கிறது. வறண்ட மண்ணில் தூங்க வேண்டியதை நான்கு மாதம் ஈரத்தில் போட்டால் அழுகாமல் என்ன செய்யும்? என் தொட்டியில் கூழான ஆறும் மழைக்குப் பலியானவைதான்.

ஆனாலும் இந்தப் பூவின் மேல் நமக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. பாடப்புத்தகத்து வேர்ட்ஸ்வொர்த் கவிதையைப் படித்தவர்கள்தானே நாம் எல்லோரும்! அவரும் தங்கை டாரதியும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்தப் பூக்களைப் பார்த்தது 1802 ஏப்ரல் 15 அன்று. டாரதி அதை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அண்ணனின் கவிதை 1807இல் அச்சேறியது. அவர்கள் பார்த்தது குட்டையான, வெளிறிய மஞ்சள் காட்டு டாஃபடில். நம் மனதில் இருக்கும் பெரிய எக்காளப் பூ, 1899இல் லண்டனில் பரிசு வாங்கிய 'கிங் ஆல்ஃப்ரெட்' ரகத்தின் வாரிசு. பார்க்காத பூவை மனப்பாடம் செய்ய வைத்த கல்வியின் மேல் வரும் கோபத்தை, கரீபியத் தீவிலிருந்து வந்த எழுத்தாளர் ஜமைக்கா கின்கெய்ட் 1990இல் வெளியான 'லூசி' நாவலில் எழுதியிருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. பத்துக் கிழங்குக்குப் பணம் அனுப்பினேன்.

ஹைதராபாத்துக்கு இந்த மயக்கம் ஆங்கிலேயர் வரும் முன்பே வந்துவிட்டது. உருதுக் கவிதையில் கண்ணுக்கு உவமை, டாஃபடில் இனப் பூவான நர்கிஸ். நமக்குக் குவளை போல. இந்த நகரத்தை 1591இல் எழுப்பிய முகம்மது குலி குதுப் ஷாவே தக்கணி மொழிக் கவிஞர், பூவையும் மழையையும் பண்டிகையையும் பாடியவர். ஊரின் பழைய பெயரை பாக்நகர் என்று எழுதிய பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, தோட்டங்களின் நகரம் என்று அதற்குப் பொருளும் சொன்னார். பாரசீகத்திலிருந்து வந்த சொல்லாக நர்கிஸ் இங்கே வேரூன்றிவிட்டது. பெண்களின் பெயரானது, கடைகளின் பெயரானது. செடி வேரூன்றவில்லை. அந்தப் பூவை மண்ணில் பார்க்க வேண்டுமென்றால் காஷ்மீருக்குப் போக வேண்டும். அங்கே அதற்கு யெம்பர்ஸல் என்று பெயர். வண்டும் யெம்பர்ஸலும் பாத்திரங்களாக வரும் தீனாநாத் நாதிமின் இசை நாடகம் 1953இல் மேடையேறியது. ஸ்ரீநகரில் 2007இல் திறந்த துலிப் தோட்டத்தில் டாஃபடில் பாத்திகளும் உண்டு. உதகையில் ஜனவரி இரவுகளில் உறைபனி விழுவதால் அங்கே இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம்.

ஒரே ஒரு டாஃபடிலாவது இங்கே பூக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கிழங்கைக் காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் மூன்று, மூன்றரை மாதம் வைத்து, டிசம்பரில் தொட்டியில் நடுவது. பக்கத்தில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருக்கக்கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். பையின் மேல் கொட்டை எழுத்தில் எழுதியும் வையுங்கள். இதில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது, வெங்காயமென்று நறுக்கி வாணலியில் போட்டால் வீடே வாந்தியில் கிடக்கும். இரண்டாவது வழி எளிது. டாஃபடில் குடும்பத்திலேயே குளிர் கேட்காத கிளை ஒன்று உண்டு. ஒரே தண்டில் கொத்தாக, வெள்ளையாக, மணமாகப் பூக்கும் 'பேப்பர்ஒயிட்' வகை. கூழாங்கல்லும் தண்ணீரும் போட்ட கிண்ணத்தில் நவம்பரில் வைத்தால் நான்கைந்து வாரத்தில் பூ வரும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்கள், சீனப் புத்தாண்டு நேரத்தில் இதன் நெருங்கிய உறவுக்காரியைக் கடைகளில் பார்த்திருப்பார்கள். இரண்டு வழியிலும் பூ ஒரு தடவைதான். பூத்து முடிந்த கிழங்கை உரக்குழியில் போட வேண்டியதுதான். இதற்குப் பெயர் தோட்டம் இல்லை, மலர் அலங்காரம்.

பிறகு இந்த ஊருக்கு எது? இங்கே கெட்ட பருவம் கோடை. தெலுங்கு விவசாயிகள் ஆண்டைக் கார்த்தெ என்ற நட்சத்திரக் கணக்கில் பிரிக்கிறார்கள். மே கடைசியில் வருவது ரோகிணி கார்த்தெ. அந்த வெயிலில் ஆட்டுரலே வெடிக்கும் என்பார்கள். ஜூன் 7, 8 வாக்கில் மிருகசிரா பிறக்கும். ஆஸ்துமாவுக்கு மீன் மருந்து விழுங்க நாம்பள்ளிக் கண்காட்சி மைதானத்தில் ஊரே வரிசையில் நிற்கும் நாள் அது. முதல் மழையும் ஏறத்தாழ அப்போதுதான். ஆக, ரோகிணியில் தூங்கி மிருகசிராவில் விழிக்கும் கிழங்கே நமக்கு வேண்டியது. அப்படிப்பட்டவை டாஃபடிலின் சொந்தக் குடும்பமான அமரில்லிஸிலேயே நிறைய இருக்கின்றன. தாவரவியலார் வெங்காயத்தையும் பூண்டையும் இன்று அதே குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் தோட்டக்காரரின் மூக்கு அவ்வளவு தப்பில்லை.

முதலிடம் மழை லில்லிக்கு. நர்சரியில் 'ரெயின் லில்லி' என்று கேட்டால் கொடுப்பார்கள். சுண்டுவிரல் நுனி அளவுக் கிழங்கு, புல்லோடு புல்லாக மெல்லிய இலை. இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று தனித்தனி இனங்கள் உண்டு. எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. வெயிலில் காய்ந்து, செத்துவிட்டது என்று நினைத்திருக்கும்போது ஒரு நல்ல மழை பெய்யும். இரண்டாம் நாள் காலையில் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் மண்ணைப் பிளந்துகொண்டு செம்மண் நிறத்தில் ஊசி ஊசியாக மொட்டு எழும்பும். நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு வெயில் பட்டதும் இடமே இளஞ்சிவப்பாகிவிடும். ஒரு பூவுக்கு இரண்டு, மூன்று நாள் ஆயுசு. அடுத்த நல்ல மழைக்கு மறுபடி ஒரு அலை. இந்த அலை வர வேண்டுமென்றால் நடுவில் மண் காய வேண்டும். தினமும் தண்ணீர் காட்டும் வீடுகளில் இலைதான் செழிக்கும். நன்றாகக் காயப்போட்டு, ஒரே நாளில் மண் ஊறும்படி ஊற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். கிழங்கை ஒன்றரை அங்குல ஆழத்தில், நான்கு விரல் இடைவெளியில் நட்டால் போதும். இரண்டு, மூன்று வருடத்தில் ஒன்று பத்தாகும். எங்கள் மாடித் தொட்டியில் இருபதோடு தொடங்கியது. இப்போது தெருவில் பாதிப் பேர் வீட்டில் இருக்கிறது.

வெள்ளை இனம் மட்டும் கொஞ்சம் பொறுமைக்காரி, மழை ஓயும் செப்டம்பரில்தான் நிறைந்து பூக்கும். ஈரமும் தாங்கும். இளஞ்சிவப்பையும் வெள்ளையையும் கலந்து நட்டால் ஜூன் முதல் அக்டோபர் வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும்.

நர்சரிக்காரர்கள் 'அமரில்லிஸ்' என்று விற்கும் ஹிப்பியஸ்ட்ரம் மழைக்குக் காத்திருக்காது. தண்ணீரை நிறுத்திக் குளிர்மாதங்களைக் காய்ச்சலில் கழித்தால் மார்ச், ஏப்ரலில் கையகலப் பூ கொடுக்கும். இதன் கழுத்து மண்ணுக்கு வெளியே நிற்க வேண்டும். டாஃபடில் பாடத்தைப் படித்துவிட்டு இதையும் ஆழப் புதைப்பவர்கள் அழுகலைத்தான் அறுவடை செய்வார்கள். மேயில் ஒரே ஒரு தடவை செம்பந்து போலப் பூத்து ஊரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் ஃபுட்பால் லில்லி ஆப்பிரிக்காக்காரி. சாலை நடுத்திட்டுகளில் வெள்ளைச் சிலந்திபோல் பூத்து நிற்பது ஸ்பைடர் லில்லி. மாநகராட்சிகளுக்குப் பிடித்த செடி, காரணம் அதைக் கொல்வது கடினம். விஷமூங்கில் என்று நாம் சொல்லும் கிரைனம் நம் மண்ணின் செடியே. இடம் இருப்பவர்கள் வைக்கலாம், ஆளுயரப் புதராகும்.

மணம் வேண்டுமென்றால் நிலசம்பங்கியை விட்டு வேறெங்கும் போக வேண்டாம். மெக்சிகோவிலிருந்து வந்து நம் மாலைக்குள் நுழைந்துவிட்ட பூ. விடிகாலையில் குடிமல்காபூர் பூச்சந்தைக்குப் போய் 'லில்லி' என்று கேட்டால் இதைத்தான் நிறுத்துத் தருவார்கள். தெலுங்கு விவசாயிகளுக்கு லில்லி என்றால் சம்பங்கி. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'பிரஜ்வல்' ஒற்றையடுக்கு ரகம், மாலைக்கும் உதிரிப்பூவுக்கும் நல்லது. 'சுவாசினி', 'வைபவ்' இரண்டும் அடுக்குப்பூ, ஜாடிக்கு ஏற்றவை. வீட்டுக்கு ஒற்றையடுக்கே போதும் என்பது என் கட்சி. வாசனை அதில்தான் அதிகம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான எதிரி தண்ணீர் தேங்குவது. ஊரின் செம்மண்ணை இங்கே சல்கா என்கிறார்கள். மணல் கலந்தது, கிழங்குக்குத் தோதானது. கரிசல் இருக்கும் பேட்டைகளில் மேடு கட்டி நடுவதே புத்தி. அடுத்த எதிரி மழைக்காலத்தில் வரும் கருப்புப் புழு. உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் இருக்கும். ஸ்பைடர் லில்லி, கிரைனம், செங்காந்தள் என்று ஒரே ராத்திரியில் இலையை உருவிவிடும். மருந்து தேவையில்லை. காலையில் கையுறை போட்டுப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் தீர்ந்தது.

இனி திறந்த புல்வெளி. டாஃபடிலைப் பொறுத்தவரை இங்கிலாந்துக்காரர்கள் ஒரு நல்ல முறை வைத்திருக்கிறார்கள். கிழங்குகளைக் கைநிறைய அள்ளிப் புல்லில் வீசி, விழுந்த இடத்திலேயே நடுவார்கள். வரிசை கட்டியது தெரியாது. பூத்து ஓய்ந்த பின் ஆறு வாரம் புல்லை வெட்டமாட்டார்கள், இலை தானாகச் சாய்ந்தால்தான் கிழங்கில் அடுத்த ஆண்டுக்குச் சோறு சேரும். இந்த இரண்டு பழக்கத்தையும் மழை லில்லிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம், காலத்தை மட்டும் மாற்றி. அடுக்ககப் புல்தரையில் மே முடிவில் ஒரு தடவை ஒட்ட வெட்டிவிட்டு, முதல் மழைக்குப் பின் இரண்டு வாரம் இயந்திரத்தைப் பூட்டி வைக்க வேண்டும். அப்புறம் வெட்டினாலும் மூன்று, நான்கு அங்குலம் விட்டு வெட்ட வேண்டும்.

ஆனால் அடுக்ககப் புல்தரை வேறு, ஊர்ப் புல்வெளி வேறு. தெலங்கானாவில் திறந்த மேய்ச்சல் புல்வெளிக்குக் கஞ்ச என்று ஒரு சொல் இருக்கிறது. நிலப் பதிவேட்டில் கஞ்ச கச்சிபவுலி என்று எழுதியிருக்கும் 400 ஏக்கரில், 2025 மார்ச் இறுதியில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக மாணவர்கள் மறித்தார்கள். ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. அன்று விவாதம் முழுக்க மரத்தைப் பற்றியும் மானைப் பற்றியும் நடந்தது. பெயரிலேயே இருக்கும் புல்லைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. வனஸ்தலிபுரத்தில் நிஜாமின் வேட்டைக்காடாக இருந்து, 1975இல் மகாவீரரின் 2500ஆவது நிர்வாண ஆண்டை ஒட்டிச் சரணாலயமான ஹரிண வனஸ்தலியில் வெளிமான்கள் வாழ்வதும் புல் இருப்பதால்தான்.

மரமில்லாத நிலமென்றால் வெற்று நிலம் என்று நினைக்கும் பழக்கம் நமக்கு ஆழமாகப் பதிந்துவிட்டது. 2015 ஜூலையில் தொடங்கிய ஹரித ஹாரம் திட்டம் 230 கோடி மரக்கன்று என்று இலக்கு வைத்தது. மரம் நல்லதுதான், ஆனால் புல்வெளிக்கு மேல் நடப்படும் மரம் அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களின் வெயிலைத் திருடுகிறது. அந்தக் குடிகளில் நம் சொந்தக் கிழங்குப் பூக்களும் உண்டு. இலையே இல்லாமல் கோடைக் கட்டாந்தரையில் தண்டு நீட்டிப் பூக்கும் நரிவெங்காயம், மழை விழுந்ததும் தரையோடு தரையாக மஞ்சள் நட்சத்திரம் காட்டும் நிலப்பனை, புதர்மேல் ஏறி நெருப்பு மூட்டும் செங்காந்தள். கடைசியாகச் சொன்னது தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவதும் அதுதான். புல்வெளியில் இவை எதையும் யாரும் நட்டதில்லை.

பதுக்கம்மா பண்டிகையின் பூவும் இப்படி வந்ததே. 2014இல் தெலங்கானாவின் மாநில விழாவான பதுக்கம்மாவுக்கு அடுக்கும் பூக்களில் முதன்மையானவை தங்கேடும் குனுகும். தங்கேடு நம் ஆவாரம்பூ, தெலங்கானாவின் மாநில மலர். குனுகு நம் பண்ணைக்கீரையின் பூ. இரண்டும் புறம்போக்கிலும் வரப்பிலும் தானாக விளைபவை. காலையில் கூடையோடு போய்ப் பறித்து வருவதுதான் வழக்கம். இன்று நகரத்துக்குள் இருப்பவர்கள் அதைச் சந்தையில் கட்டுக்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரியும். வீட்டுத் தோட்டத்திலும் அடுக்ககப் புல்தரையிலும் அயல்நாட்டு மழை லில்லி, ஹிப்பியஸ்ட்ரம், சம்பங்கி எதை வேண்டுமானாலும் வையுங்கள். கஞ்ச நிலத்திலும் ஏரிக்கரையிலும் பாறைக்குன்றிலும் எதையும் வீசாதீர்கள், அழகான கிழங்கானாலும் சரி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு அலங்காரச் செடியாக வந்த உண்ணிச்செடி இன்று நாட்டின் காடுகளில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதை நட்டவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே நாம் செய்ய வேண்டிய ஒரே தோட்டவேலை, புல்லை எரிக்காமலும் குழி தோண்டாமலும் விடுவது.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இதைச் சொல்லி ஒரு மூலைக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன். பத்தடிக்கு இருபதடி. போன ஜூனில் புல் வளர்ந்து பாம்பு வரும் என்று இரண்டு பேர் புகார் எழுதினார்கள். மழை லில்லி பூத்த அன்று அதே இரண்டு பேர் கைபேசியில் படம் எடுத்தார்கள். தோட்டக்காரர் மட்டும் கீழே குந்தி, ஒரு கிழங்கை விரலால் தோண்டி எடுத்து என்னிடம் காட்டி, "உல்லிகட்டனே அம்மா" என்றார்.

உங்கள் குடியிருப்பிலும் ஒரு மூலை இருக்கும். மிருகசிரா பிறந்து முதல் நல்ல மழை விழுந்ததும், இரண்டே வாரம், புல்வெட்டும் இயந்திரத்தை வெளியே எடுக்காதீர்கள்.